முகம் கழுவும்போது வந்த சாமி

என் மனைவிக்குச் சாமி வந்துவிட்டது என்று பங்காளிகள் அத்தனை பேரும் சொன்னார்கள். அதை நம்புவதில் எனக்கும் சிரமம் இருக்கவில்லை. கொல்லைக் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போடும்போதும் அதே சாமி வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

முதலில் கோயிலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆரப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். எங்கள் குலசாமி இருப்பது சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, வயலுக்கு நடுவில். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள். வெளியே ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி மணல்.

அன்று ஆடி வெள்ளி, உச்சி நேரம். பூசாரி சூடத்தட்டைத் தூக்கினார். மணி அடித்தது. கொட்டுக்காரர்கள் வேகத்தை ஏற்றினார்கள். எல்லோரும் செய்வதைத்தான் என் மனைவியும் செய்தாள். கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்து, கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து என் அக்காவின் மேல் போய் விழுந்தாள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குலசாமி விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் அதிகாரி. என் மனைவி வேறு சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவள் என்பதை அக்கா ஒருநாளும் மறந்ததில்லை, மறக்க விட்டதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் என் மனைவிக்கு இடம் பின்வரிசைதான். விறகு எடுத்துக் கொடுக்கலாம், பாத்திரம் கழுவலாம். பொங்கல் பானையில் கரண்டி போட மட்டும் விடமாட்டாள். என் மனைவி இதைப் பற்றி என்னிடம் குறைபட்டதே கிடையாது. ஆனால் அந்தப் பாத்திரங்களை அவள் தேய்க்கும் சத்தத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட அக்காதான் அவளை மடியில் தாங்கிக்கொண்டு கத்தினாள். "ஆத்தா வந்துட்டாடீ! ஏத்தா, குலவை போடுங்கடீ!"

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீறு பூசினார். "ஆத்தா, ஒனக்கு என்ன கொறை? வாயத் தொறந்து சொல்லு," என்று கேட்டார்.

"தண்ணி," என்றாள் என் மனைவி.

அவளுக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை. நாக்கு எப்போதும் வறண்டு கிடக்கும். அது போக அன்று வெயிலும் மண்டையைப் பிளந்தது. ஆனால் பூசாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா? ஆத்தா தண்ணி கேக்குறா," என்றார். கோயிலில் அதுவரை குழாய் கிடையாது. பங்காளிகள் நின்ற இடத்திலேயே போர் போடுவதென்று முடிவெடுத்தார்கள். பிறகு போட்டார்கள், தண்ணீரும் நன்றாகவே வந்தது. அதற்குமேல் யார் சந்தேகப்படுவார்கள்? விழுந்து கிடந்தவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று மட்டும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் வந்த வேனில் கிடந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நான்தான் ஓடினேன்.

அவள் எழுந்து உட்கார்ந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற பங்குனிக்கு நீ தீச்சட்டி எடுக்கணும்த்தா. ஆத்தா ஒன்னையத்தான் கேக்குறா."

மண்சட்டியில் விறகு எரிய எரிய, கையில் வேப்பிலை வைத்து அதை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி வரவேண்டும். என் மனைவி இரண்டு கைகளையும் கூப்பி, "எடுக்குறேன் மதினி," என்றாள். அன்றைக்குப் பொங்கல் பானைக் கரண்டி அவள் கைக்கு வந்தது. எல்லோருக்கும் அவள்தான் பரிமாறினாள். அந்த முகத்தை நான் எங்கள் மகளின் கல்யாணத்தன்றுதான் அதற்கு முன் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சந்துக்குள்ளும் செய்தி பரவியது. மாவு வாங்க வருகிறவர்கள் தூக்குச்சட்டியை நீட்டிவிட்டு, "அப்படியே கொஞ்சம் திருநீறும் பூசி விடுங்கக்கா, பிள்ளைக்குக் காச்சல் விடமாட்டேங்குது," என்பார்கள். அவளும் கையைக் கழுவிவிட்டு வந்து பூசுவாள். எனக்குச் சிரிப்பாக வரும். "மாவு புளிச்சா இனிமே ஆத்தா கணக்குல எழுதிக்கலாம்," என்று சொல்லி ஒருநாள் முறைப்பு வாங்கினேன்.

அந்த வாரத்தில்தான் குழாயடியில் விழுந்தாள். முகம் கழுவப் போனவள் சோப்பு நுரையோடு கண்ணை மூடியிருக்கிறாள், அவ்வளவுதான். துவைக்கிற கல்லில் புருவம் இடித்து ரத்தம் வந்தது. நான் தூக்கி உட்கார வைத்தபோது, "ஆத்தா என்னமோ சொல்ல வாராங்க," என்றாள்.

"சொல்ல வாரவ நீ சோப்பக் கழுவுற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. ஆனால் ரத்தத்தைத் துடைக்கும்போது பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாளே, இன்னொன்று கழன்றதே தெரியாமல்? அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தரையில் நடந்தால் மெத்தை மேல் நடப்பதுபோல இருக்கிறது என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே? புது டைல்ஸ் அப்படித்தான் இருக்கும் என்று நானும் பதில் சொல்லியிருந்தேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். புருவத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அவளைப் படுக்கவைத்து உள்ளங்காலைப் பார்த்தார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டை வைத்துக்கொண்டு, "நான் தொடும்போது சொல்லுங்கம்மா," என்றார். பெருவிரலில் அழுத்தினார். குதிகாலில் அழுத்தினார். அந்தத் துண்டு வளைகிற அளவுக்கு அழுத்துவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் அவளை எழுப்பி நிறுத்தினார். கால்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். அவள் நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். மூடினாள். கொட்டு இல்லை, மணி இல்லை, குலவை இல்லை. கோயிலில் ஆடிய அதே ஆட்டம் ஆடினாள். முன்னும் பின்னும், பிறகு பக்கத்தில் ஒரு சாய்வு. டாக்டர் இதை எதிர்பார்த்து நின்றவர், தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்திருக்கிறது என்றார் டாக்டர். நிற்கிற தரை எப்படி இருக்கிறது என்று கால் சொல்வதில்லை. இத்தனை நாளும் அந்த வேலையைக் கண்தான் பார்த்திருக்கிறது. கண்ணையும் மூடினால் உடம்புக்குத் தான் நிற்பதே தெரியாமல் போகிறது. மாத்திரையை மாற்றி எழுதினார். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், விழாமல் இருக்கப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு வந்தது ஆத்தா இல்லையாங்க?"

சர்க்கரைதான் என்று சொன்னால், அந்தக் கரண்டியை அவள் கையிலிருந்து நானே பிடுங்கியதாக ஆகிவிடும். "எனக்கென்ன தெரியும். ரெண்டும் இருக்கலாம்ல," என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. டிரைவர் பிரேக் போடுகிற விதம் சரியில்லை என்று அவரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

பிசியோதெரபி சொல்லித் தந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். நிதானமான பெண். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு கோட்டின் மேல் முன்கால் குதியைப் பின்கால் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. இவ்வளவுதான் விஷயம். பார்த்தால் பாலர் பள்ளி விளையாட்டு மாதிரி இருந்தது.

"பிடிமானம் இல்லாம செய்யக் கூடாது. பக்கத்துல ஆள் இருக்கணும். தனியா செய்யும்போது கண்ண மூடவே கூடாது," என்றாள் அந்தப் பெண்.

"இதச் செஞ்சா கால்ல மறுபடி உணர்ச்சி வந்துருமாம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அத நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா தொடைக்கும் இடுப்புக்கும் பலம் வந்துரும். கண்ணும் அதுகளும் சேந்து கால் வேலையக் கொஞ்சம் பாத்துக்கும்."

"பங்குனிக்குள்ள சரியாயிருமா? தீச்சட்டி எடுக்கணும்."

அந்தப் பெண்ணின் நிதானம் அங்கே போய்விட்டது. "தீச்சட்டியா? வெறுங்கால்லயா? அம்மா, சுட்டாக்கூட உங்களுக்குத் தெரியாதும்மா. வேணாம்." என் மனைவி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அப்படிப் பேசாமல் இருந்தால் மனதுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். பங்குனியில் இவள் தீயைக் கையில் வைத்துக்கொண்டு விழப் போகிறாள்.

வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள். அவள் காலையாவது திருத்துவோம் என்று இறங்கினேன்.

முதல் சண்டை செருப்பில் வந்தது. குதிகாலில் வார் போட்ட, கழலாத செருப்பு ஒன்று வாங்கிவந்தேன். வீட்டுக்குள்ளே செருப்பா என்று ஆரம்பித்தாள். அடுப்படியில் செருப்புக் காலோடு நின்று ஆட்டின மாவை எவன் வாங்குவான்? சாமி அலமாரி முன்னால் எப்படிப் போவது? மூதேவி வந்து உட்கார்ந்துகொள்ள மாட்டாளா? செருப்பு அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் போய்விட்டது. நானும் கத்திப் பார்த்தேன். அவள் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். கிரைண்டர் ஓடும்போது எங்கள் வீட்டில் யார் பேச்சும் எடுபடாது.

மறுநாள் காலையில் நான் செருப்பை எடுத்து மனைப்பலகையில் வைத்தேன். புது பஸ் டிப்போவுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், முழம் பூவைச் சுற்றினேன், சூடம் காட்டினேன். இரண்டு செருப்புக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தேன். "புது வண்டி வந்துருக்கு. ஓனரம்மா ஏறி நசுக்குனா லைன்ல விட்டுரலாம்," என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கோபமாக நிற்கத்தான் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். "கிறுக்குப் பிடிச்ச மனுசன்," என்று சொல்லிக்கொண்டே வந்து, என் தோளைப் பிடித்து, காலை உள்ளே விட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கினாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் செருப்பு நடமாடியது. சாமி அலமாரி முன்னால் மட்டும் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது எங்களுக்குள் வந்த உடன்படிக்கை.

காலையில் மாவு ஆட்டி முடித்ததும் பயிற்சி. மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள், நான் பின்னால் நிற்பேன். குதிகாலைத் தூக்குவதற்கு நான் "ரைட்" சொல்லவேண்டும், இறக்குவதற்கு "ஹோல்டேன்". ஆயுசு முழுக்கக் கண்டக்டர் சொல்லி ஓட்டியவனுக்கு இது ஒரு பதவி உயர்வு. ஹாலில் டைல்ஸ் கோட்டின் மேல் அவள் நடக்கும்போது நான் பக்கத்தில் நண்டு மாதிரி நகர்ந்துகொண்டே வருவேன். "ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்குறவங்க எறங்கு," என்றால் நின்று முறைப்பாள். ஒற்றைக்காலில் நிற்கும்போது மட்டும் கேலி கிடையாது. அப்போது அவள் முகம் இறுகி, உதடு உள்ளே போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு மனம் வராது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள் நாற்காலியில் உட்காருவாள். நான் கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். ஆரம்பத்தில் அவளுக்கு அது பெரிய சங்கடம். புருஷன் காலைத் தொடலாமா என்று இழுத்துக்கொள்வாள். "டயர் செக் பண்ணாம வண்டிய எடுக்க மாட்டேன் நான்," என்பேன். பிறகு பழகிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை என்று மாதங்கள் போயின. மேடையை இறுக்கிப் பிடித்திருந்த கை, விரல் நுனியால் தொடுகிற அளவுக்கு வந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தாள். பஸ்ஸில் ஏற என் தோள் தேவைப்படவில்லை. கால் மரத்திருப்பது அப்படியேதான் இருந்தது. ஆனால் விழவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு எனக்கு ஒரு புதுப் பயமும் சேர்ந்துகொண்டது. இவளுக்குத் தைரியம் வந்துகொண்டிருக்கிறதே!

மாசி மாதம் ஒருநாள், கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால், ஹாலில் டைல்ஸ் கோட்டின் மேல் அவள் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. இரண்டு கைகளிலும் நெஞ்சுக்கு நேராக ஒரு மண்சட்டி, அது நிறைய மாவு. தீச்சட்டி எடுக்கப் பழகுகிறாள்! கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. கோட்டின் கடைசிவரை நன்றாகத்தான் போனாள். திரும்புகிற இடத்தில் கீழே பார்க்க முயன்றாள். சட்டி மறைத்தது. ஒரு கால் இன்னொரு காலில் தட்டியது. பக்கவாட்டில் சாய்ந்து, சுவரில் தோள் உரசி, அப்படியே சறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சட்டி உடைந்து மாவு ஹால் முழுக்க ஓடியது.

உள்ளே ஓடினேன். மாவுக்குள்ளேயே நானும் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டு அடிபட்டுச்சு? கால் வலிக்குதா?"

"அதுதான் சொல்ல மாட்டேங்குதே," என்றாள்.

வேட்டி முனையால் மாவைத் துடைத்துத் துடைத்து இரண்டு கால்களையும் பார்த்தேன். சட்டி ஓடு எங்கேயும் கிழிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன், அசைத்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. வண்டி வண்டியாகத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சட்டி கையில இருந்தா தரை தெரிய மாட்டேங்குதுங்க. நானும் எப்படி எப்படியோ பிடிச்சுப் பாத்தேன். இன்னைக்கு மட்டுமில்ல, நாலஞ்சு நாளாவே." மாவை விரலால் கோதினாள். "இம்புட்டும் தீயா இருந்திருந்தா? சட்டிக்குப் பின்னாடி வாரதெல்லாம் சின்னப் பிள்ளைகதான."

"ஒனக்கு என்ன ஆகும்னு நெனைக்க மாட்டியா நீ?"

"அதத்தான் தெனமும் நீங்க நெனைக்கிறீங்களே," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "ஒரே ஒரு தடவ முன்னால நின்னேங்க. அதுவும் சீனி வியாதியில வந்ததுன்னு ஆயிருச்சு."

திட்டு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மாவுக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே யாரோ தூக்குச்சட்டியோடு வந்து "அக்கா, மாவு இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு, ஆனா தரையில இருக்கு," என்றேன். அழுதுகொண்டிருந்தவள் அதற்கும் சிரித்தாள்.

பங்குனிக்குக் காப்புக் கட்டுகிற நாளில் எல்லோரும் கோயிலில் கூடினோம். நான் பேசுகிறேன் என்று சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்ததும், கையை நீட்டாமல், பங்காளிகள் காதுபடச் சொன்னாள்.

"என்னைய மன்னிச்சிருங்க. நான் தீச்சட்டி எடுக்கல. அன்னைக்கு ஆத்தா வந்து நான் விழுகல. சீனி வியாதியில கால் நரம்பு செத்துப் போச்சு. கண்ண மூடினா விழுந்துருவேன். டாக்டரே பாத்துட்டாரு."

சலசலப்பு எழுந்தது. போர் போட்டதுக்குத் தண்ணீர் வந்ததே என்றார் ஒருவர். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஏத்தா, சாமி காரியத்துல வெளையாடாத. ஆத்தா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட கோவிச்சுக்கிரட்டும் மதினி. நான் நேரா நின்னு கேட்டுக்கிறேன். நெருப்பப் பிடிச்சுக்கிட்டுப் பிள்ளைக மேல விழுந்தா, அது ஆத்தாவுக்கு ஆகுமா?"

பூசாரி விவரமான மனிதர். "நேந்துக்கிட்டத மாத்திக்கிரலாம்மா. மாவிளக்குப் போடு. நீ ஆட்டாத மாவா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அக்கா மட்டும் அன்று எங்களோடு வேனில் ஏறவில்லை.

திருவிழா அன்று நான் காலையிலேயே போய், வேப்பமரத்திலிருந்து ஆத்தா முன்னால்வரை மணலில் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தேன். கல், முள், உடைந்த தேங்காய் ஓடு எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டேன். போர்த் தண்ணீர்தான், அவள் கேட்ட தண்ணீர். அவள் வந்து மரத்தடியில் செருப்பைக் கழற்றினாள். மாவிளக்கை ஆத்தா முன்னால் இறக்கி வைத்தாள். பிறகு பழக்கத்தில் பின்வரிசைக்குத் திரும்பினாள். அங்கே நின்றால் முன்னால் நிற்கிறவர்கள் மறைப்பார்கள், இடிப்பார்கள். நான் அவளை முன்னுக்கு இழுக்க வாயெடுப்பதற்குள் அக்கா திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். அங்கே ஒரு தூண் இருந்தது.

மணி அடித்தது. கொட்டு ஏறியது. பூசாரி சூடத்தட்டைத் தூக்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்காவும் மூடினாள். என் மனைவி கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, ஒரு கையால் தூணைத் தொட்டபடி நின்றாள். பிறகு தூணிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்தாள். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் ஆடவில்லை.

எல்லாம் முடிந்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தோம். நான் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பங்காளிகள் பார்க்கிறார்கள் என்று அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க, ஆத்தாவுக்கு மூக்குத்தி இருக்குங்க," என்றாள்.

"என்னது?"

"எடது பக்கம். சின்னதா செவப்புக் கல்லு. சூட வெளிச்சத்துல மட்டும் மின்னுது. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் பாக்குறேன். எப்பவும் அந்நேரம் கண்ண மூடிக்கிட்டுல்ல நின்னேன்." அவள் முகத்தில் அந்தச் சூடத்தின் வெளிச்சம் இன்னும் இருந்ததுபோல எனக்குப் பட்டது. "நீங்க பாத்தீங்கள்ல?"

"இல்லையே."

"கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

திறந்துகொண்டுதான் நின்றேன். சூடம் எரிந்து அணைகிறவரை நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

அவள் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, கை ஊன்றாமல் எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஈரமணலில் திரும்ப நடந்தாள். பூசாரியிடம் இன்னும் ஒரு சூடம் கொளுத்தச் சொன்னாள். தட்டு உயர்ந்தபோது என் கண் தன்னால் கீழே போனது. அவள் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"ஏங்காலு நிக்கும். நீங்க ஆத்தாவப் பாருங்க," என்றாள்.